இருபத்தெட்டரை இஞ்ச் நூல்

முனிராஜ் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று. காலை பத்தரைக்கு டிவி செக்‌ஷனுக்குள் வந்தவன், மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று டிவிக்கு பில் போட்டுவிட்டான். அதே நேரத்தில் நான் விற்றது ஒரு ரிமோட் கவர்.

ஓசூர் பாகலூர் ரோட்டில் இருக்கிற இந்த ஷோரூமில் பத்தொன்பது வருஷம் டிவி விற்றிருக்கிறேன். இந்த மாதத்தோடு நிற்கிறேன், முழங்கால் இரண்டும் போதும் என்று சொல்லிவிட்டன. "போறதுக்குள்ள புதுசா சேர்றவங்களுக்கு ஏதாச்சும் எழுதி வெச்சுட்டுப் போங்க பூங்கொடிம்மா" என்றார் மேனேஜர். பக்கத்தில் நின்ற முனிராஜ், "எழுதுக்கா, நானும் யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்" என்றான். அவன் தமிழ் பேசுவான், படிக்க வராது. தளிப் பக்கம் கன்னட மீடியத்தில் படித்தவன்.

எழுதுகிறேன். எழுதுவதென்று ஆனபிறகு பாதியை ஒளித்து வைப்பதில் அர்த்தமில்லை.

1. முதல் கேள்வி

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிற கஸ்டமர் யாரைப் பார்த்து முதல் கேள்வி கேட்கிறாரோ அவருக்குத்தான் அந்த கஸ்டமர் சொந்தம். பில்லில் அவருடைய கோட் நம்பர் விழும், இன்சென்டிவும் அவருக்குப் போகும். நடுவில் இன்னொருவர் வாய் வைக்கக் கூடாது. கஸ்டமரே ஆளை மாற்றிக்கொண்டால் மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது.

முனிராஜ் இந்த வழக்கத்தை ஒரே வாரத்தில் புரிந்துகொண்டான். வாசலுக்குப் பக்கத்தில் தண்ணீர் கேன் இருக்கும், அங்கேயே போய் நிற்பான். வருகிறவர் செருப்பையும் நடையையும் பார்த்தே எந்த ஊர், எந்த பாஷை என்று கண்டுபிடித்துவிடுவான். ஆனேக்கல்காரரிடம் கன்னடம், பாகலூர்க்காரரிடம் தெலுங்கு, சிப்காட்டில் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்களிடம் ஒரு மாதிரி இந்தி. "ஊட்டா ஆய்தா?" என்று அவன் சாப்பாட்டை விசாரிப்பதற்குள் அவர்கள் முதல் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்.

நான் பாரூர் பக்கத்துக்காரி. எனக்குத் தமிழ் ஒன்றுதான். நானும் ஒருநாள் துணிந்து ஒரு அம்மாவிடம் "ஊட்டா ஆய்தா?" என்று கேட்டேன். "எனக்கு சேலங்க" என்று அந்த அம்மா ஒதுங்கிப் போனார்.

ஆனால் டிவியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் கால்வாசி அவனுக்குத் தெரியாது. எல்லா பிராண்டு ட்ரெயினிங்குக்கும் பெங்களூர் போய் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவள் நான். அவன் ட்ரெயினிங் ஹாலில் தூங்குவான். ஃபோர்-கே என்றால் நாலு கலர் என்று ஒரு கஸ்டமருக்குச் சொன்னதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். அந்த கஸ்டமரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பண்டிகை சமயத்தில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவான். அந்த டீயைக் குடிக்கும்போதும் எனக்கு வயிறு எரியும். அவன் சட்டைப் பையிலிருந்து எட்டிப்பார்க்கிற பில் நகல்களை எண்ணிக்கொண்டே குடிப்பேன்.

மூன்று தீபாவளிக்கு முன்னால் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "பண்டிகை முடிஞ்சதும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் செக்‌ஷன் இன்சார்ஜ்" என்றார். இன்சார்ஜுக்கு ஒரு மேஜையும் சுழல் நாற்காலியும் உண்டு. மற்ற எங்களுக்கு ஸ்டூல் இருக்கிறது, ஆனால் செக்‌ஷனில் கஸ்டமர் இருக்கும்போது உட்கார முடியாது. செக்‌ஷனில் கஸ்டமர் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். அதைவிட, அது அவனுக்குப் போகக் கூடாது.

2. பதினெட்டாயிரத்துக்குள்

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். முனிராஜ் டீக்குப் போயிருந்தான். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நேராக என்னிடம் வந்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பூக்கட்டும் நூலை எடுத்தார். நூலின் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டிருந்தது.

"இந்த நூலுக்கு மேல ஒரு டிவி வேணும்மா. பதினெட்டாயிரம் இருக்குது. அதுக்கு மேல ஒத்த ரூவா கெடையாது."

முதல் கேள்வி என்னிடம். கஸ்டமர் எனக்கு.

அவர் பெயர் கௌரம்மா. தளிக்குப் பக்கத்துக் கிராமம், பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் ரோஜாப்பூ தரம் பிரிக்கிற வேலை. நூல் என்னவென்று கேட்டேன். ஓரகத்தி வீட்டு டிவியின் நீளமாம். அண்ணன் தம்பி வீடுகள் இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கொழுந்தன் பெண்டாட்டி போன மாதம் டிவி வாங்கி மாட்டியதிலிருந்து கௌரம்மாவின் பிள்ளைகள் அந்த வீட்டிலேயே கிடக்கிறார்கள். அவள் ரேஷனுக்குப் போன நேரம் பார்த்து இவர் நூலைப் பிடித்து அளந்துகொண்டு வந்துவிட்டார்.

"அவளுத விட ஒரு வெரலாச்சும் பெருசா இருக்கோணும். அவ்ளோதான். வேற ஒண்ணும் வேணாம்."

இந்த இடத்தில் நான் செய்த முதல் தப்பை எழுதுகிறேன். கஸ்டமர் தனக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லியாயிற்று. நான், "நூல் இருக்கட்டும்மா, மொதல்ல உங்க ரூமு எத்தன அடி?" என்று ஆரம்பித்தேன்.

முக்கால் மணி நேரம் பேசினேன். சொன்னதெல்லாம் சரியான விஷயம்தான், நீங்களும் கஸ்டமரிடம் சொல்லுங்கள். கடையில் எல்லா டிவியும் விவிட் மோடில் பளபளவென்று ஓடும், ஸ்டாண்டர்டுக்கு மாற்றிக் காட்டச் சொல்லி அப்புறம் படத்தைப் பார்க்க வேண்டும். பாயிலிருந்து சுவர் ஆறடி என்றால் முப்பத்திரண்டு இஞ்சில் ஹெச்டி ரெடியே போதும். அதே காசில் பேர் தெரியாத பிராண்டில் நாற்பத்துமூன்று கிடைக்கும், ஆனால் சர்வீஸ் சென்டர் ஓசூரிலேயே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ரிப்பேர் ஆன டிவியைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி பெங்களூர் போக வேண்டியிருக்கும். சுவரில் மாட்டுகிற கம்பிக்குத் தனிக் காசா என்றும் முன்னாலேயே கேட்க வேண்டும்.

கௌரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாஞ் சரிம்மா. நூல் என்ன ஆச்சு?" என்றார்.

3. கோணலாக வைத்த டேப்

நூலை மேஜைமேல் நீட்டி டேப் வைத்தேன். இருபத்தெட்டரை இஞ்ச். ஓரகத்தி வீட்டில் இருப்பது முப்பத்திரண்டு இஞ்ச் டிவி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டிவி அளவை மூலைக்கு மூலை எடுப்பார்கள். கோணலாக முப்பத்திரண்டு வருகிற டிவி, நேராகப் பிடித்தால் இருபத்தெட்டரைதான் இருக்கும். ஓரகத்தியை மிஞ்ச வேண்டுமென்றால் இவர் நாற்பத்துமூன்றுக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் கடையில் சின்ன டிவிகளை மேல் வரிசையில் மாட்டியிருப்போம், கை எட்டாது. பெரியதெல்லாம் கண்ணுக்கு நேரே இருக்கும். அது வியாபாரம். அதனால் கைக்கு எட்டிய நாற்பத்துமூன்றில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப்பை இழுத்தேன்.

"ஏம்மா கோணையா வெக்கற?" என்றார் கௌரம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் முனிராஜ் வந்து சேர்ந்தான். கௌரம்மாவின் பேச்சு காதில் விழுந்ததும் கன்னடத்தில் எந்த ஊர் என்று கேட்டான். இரண்டே நிமிஷத்தில் அவனுடைய சின்ன அத்தையை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. நாங்கள் உட்காராத ஸ்டூலை இழுத்துப் போட்டான், தண்ணீர் கொடுத்தான். முக்கால் மணி நேரம் என்னிடம் சிரிக்காத கௌரம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காதில் புகை வராத குறைதான்.

பிறகு கௌரம்மா என் பக்கம் திரும்பி, "இவரு நம்மூரு ஒறவு ஆவுதும்மா. இவருகிட்டயே வாங்கிக்கறேன். நீ போயி உக்காரு, பாவம், கால் வலிக்கும்" என்றார்.

கஸ்டமரே ஆளை மாற்றிக்கொண்டால் ஒன்றும் சொல்ல முடியாது. நான் போகவில்லை, டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

முனிராஜ் நூலை அளந்தான், அரையை விட்டுவிட்டான். இருபத்தெட்டு. தலையை நிமிர்த்தி மேல் வரிசையில் முப்பத்திரண்டு என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தான். "மூவத்தெரடு அம்மா. நாக்கு இஞ்சு ஜாஸ்தி" என்றான். பத்தொன்பது வருஷத்தில் எனக்குக் கன்னடம் பேச வராவிட்டாலும் எண்கள் புரியும். முப்பத்திரண்டு, நாலு இஞ்ச் அதிகம் என்கிறான். கௌரம்மா ஒரு விரல்தான் கேட்டார். இவன் நாலு இஞ்ச் கொடுத்துவிட்டான்.

அவன் ஏமாற்றவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

"அது மூலைக்கு மூலை" என்று நான் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது. வழக்கப்படி நடுவில் பேசக் கூடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கௌரம்மா வீட்டில் டிவியை மாட்டுவார், இரண்டும் ஒரே அளவு என்று தெரியும், சண்டைக்கு வருவார், மேனேஜர் முன்னால் இவன் முழிப்பான், நாற்காலி எனக்கு வரும். இவ்வளவையும் அந்த ஒரு நிமிஷத்தில் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

பில் போட்டார்கள். வாசல் வரை போய் நானும் வழியனுப்பினேன்.

4. நான்காம் நாள்

மூன்று நாள் கடையில் எந்த போன் அடித்தாலும் என் காது அங்கேதான் இருந்தது. நான்காம் நாள் காலையில் கௌரம்மாவே வந்தார். கையில் அதே நூல்.

முனிராஜ் வழக்கம்போல, "பாரம்மா, கூத்கோ" என்று ஸ்டூலை இழுத்தான். அவர் உட்காரவில்லை.

"அந்த நாலு இஞ்சு எங்கப்பா?" என்றார்.

முனிராஜுக்குப் புரியவில்லை. கௌரம்மா தமிழிலேயே சொன்னார், செக்‌ஷன் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் போலிருக்கிறது. "நேத்து கம்பெனி ஆளு வந்து மாட்டிட்டுப் போனான். தெருவே வந்து பாத்துச்சு. கேசரி கிண்டி வெச்சிருந்தேன். என் ஓரகத்தி வந்தா, பாத்தா, ஒண்ணும் பேசாம போனா. போயி அவ டிவி வந்த அட்டப்பெட்டிய எடுத்தாந்து என் பெட்டி பக்கத்துல வெச்சா. ரெண்டும் முப்பத்திரண்டு. 'என்னயப் பாத்து அதயே வாங்கியிருக்கீங்கக்கா, ரொம்ப சந்தோசம்'னா."

நூலைச் சுருட்டினார். "அவ திட்டியிருந்தாகூட தாங்கியிருப்பேன். சந்தோசம்னு சொன்னா பாரு."

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். முனிராஜ் என்னைப் பார்த்து, "என்னக்கா இது?" என்றான். நான் இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தேன். டேப்பை எடுத்து, டிவி அளவு மூலைக்கு மூலை என்று மேனேஜர் முன்னால் அழகாக விளக்கினேன். "இதுகூடத் தெரியாம இருப்பாங்களா முனிராஜு?" என்று தேன் தடவின குரலில் கேட்டேன்.

"இது தெரியாம எதுக்குய்யா செக்‌ஷன்ல நிக்கற?" என்றார் மேனேஜர்.

"தப்பு என்மேலதான் சார். எனக்குத் தெரியல" என்றான் முனிராஜ். ஒரு சாக்கும் சொல்லவில்லை. தப்பை ஒத்துக்கொள்வதுகூட அவனுக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது.

ஹெட் ஆபீஸுக்கு போன் பண்ண மேனேஜர் அறைக்குள் போனார், முனிராஜும் பின்னாலேயே போனான். செக்‌ஷனில் நானும் கௌரம்மாவும் நின்றோம்.

"அன்னிக்கு நீ கோணையா டேப் வெச்சியே" என்றார் அவர், மெதுவாக. "அப்போ உனக்குத் தெரியும்."

நான் டேப்பைச் சுருட்டினேன்.

"அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்து கால் வலின்னு நெனச்சேன். போயி உக்காருன்னேன். அது கால் வலி இல்லம்மா. என் ஓரகத்தி வூட்டுல டிவி வந்து எறங்குன அன்னிக்கு நானும் வாசல்ல அப்பிடித்தான் நின்னேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மேனேஜர் திரும்பி வந்ததும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. சொல்லியிருந்தால் நான் மறுத்துச் சண்டை போட்டிருப்பேன்.

5. எழுதிக் கொடு

பெட்டியைப் பிரித்து மாட்டிய டிவியைத் திரும்ப எடுக்க மாட்டோம். ஆனால் ஹெட் ஆபீஸில் ஒரு வழி சொன்னார்கள். டிஸ்ப்ளேயில் ஓடிய நாற்பத்துமூன்று ஒன்று, கழிவு போக கௌரம்மாவின் பதினெட்டாயிரத்துக்குள் வரும். பழையதை வாங்கிக்கொண்டு அதைக் கொடுக்கலாம். யாருடைய தப்போ அவர் எழுதிக் கொடுக்க வேண்டும், அது ஃபைலில் போகும். எழுதிக் கொடுத்தவர் இந்த வருஷம் இன்சார்ஜ் ஆக முடியாது.

முனிராஜ் ஒரு வெள்ளைத் தாளோடு என்னிடம் வந்தான். "எனக்குத் தமிழ் எழுத வராதேக்கா. நீ எழுது, நான் கையெழுத்துப் போடறேன்." அவனுடைய லீவ் லெட்டரெல்லாம் நான்தான் எழுதுவேன். நான் எழுதியதை என்னவென்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

மேஜைமேல் தாளை வைத்து நின்றபடியே எழுதினேன். "டிவியின் அளவு எடுக்கும் முறை எனக்குத் தெரியாததால்" என்று வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. எழுதுகிற கை என்னுடையது. தெரியாது என்று எழுதுகிறேன். எனக்கா தெரியாது? கொஞ்சம் தள்ளி கௌரம்மா நூலை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். "டிவி அளவு மூலைக்கு மூலை என்பது எனக்குத் தெரியும். முனிராஜ் தவறாகச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அவன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். தப்பு என்னுடையது." கீழே என் பெயரும் கோட் நம்பரும்.

"நான் எங்க கையெழுத்துப் போடணும்க்கா?" என்று முனிராஜ் பேனாவை நீட்டினான்.

"வேண்டாம், போ" என்றேன்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "நெஜமாம்மா?"

"நெஜம் சார்."

"இத எழுதாம இருந்திருந்தா அந்தச் சேர் உங்களுக்குத்தான். தெரியும்ல?"

"தெரியும் சார்."

ஃபைலில் வைத்தார். அன்று சாயங்காலமே நாற்பத்துமூன்றை இறக்கினோம். ஸ்டாண்டில் ஒரு கீறல் இருந்தது, அதை நானே முதலில் காட்டினேன். கௌரம்மா கீறலைக் கண்டுகொள்ளவில்லை. நூலை டிவியின் இடது ஓரத்தில் வைத்து வலப்பக்கம் இழுத்தார். நூல் தீர்ந்து இன்னும் ஒன்பதரை இஞ்ச் மிச்சம் இருந்தது. "இப்போ சந்தோசம்" என்றார். பில்லில் கோட் நம்பர் முனிராஜுடையதுதான். கஸ்டமர் அவனுடையவர்.

6. நாற்காலி

தீபாவளி முடிந்து முனிராஜ் இன்சார்ஜ் ஆனான். மேனேஜர் அந்தத் தாளைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. முனிராஜ் தானாகவே ஒன்றைப் புரிந்துகொண்டான். அவன் தப்பை அக்கா தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று. செக்‌ஷன் முழுக்கச் சொன்னான். கஸ்டமரிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்த அக்கா இல்லன்னா நான் இல்லீங்க" என்பான். அவன் பெண்டாட்டி மாதம் தவறாமல் தளி பீன்ஸ் கொடுத்தனுப்புகிறாள். மத்தியானம் ஆனால் எழுந்து நின்று என்னை அந்த நாற்காலியில் உட்கார வைப்பான்.

உட்கார்ந்தேன். முள்ளாகக் குத்தியது என்று எழுதினால் பொய். முழங்காலுக்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக உட்கார்ந்துகொண்டே இருக்கிறேன், ஒருநாளும் உண்மையைச் சொல்லவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அடுத்த பொங்கலுக்குக் கௌரம்மாவின் ஓரகத்தி வந்தாள். அவள் கையிலும் ஒரு நூல், இந்தத் தடவை மூலைக்கு மூலை அளந்தது. முனிராஜ் அவளுக்கு ஐம்பது இஞ்ச் விற்றான். அன்றைக்கும் எனக்கு வயிறு எரிந்தது. போன வாரம்கூட எரிந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கஸ்டமர் நூலோ குச்சியோ கொண்டுவந்தால் முதலில் அதைக் கையில் வாங்கு. டேப்பைக் கோணலாக வைத்து, ஏன் கோணலாக வைக்கிறாய் என்று உடனே சொல். கஸ்டமர் உன்னுடையவராக இல்லாவிட்டாலும் சொல். வயிறு எரிந்தால் எரியட்டும், அது யாரையும் கேட்டுக்கொண்டு வராது. எரிகிறபோதும் அளவைச் சரியாகச் சொல்ல முடியும். நான் சொல்லாமல் நின்றேன்.

இதை முனிராஜுக்குப் படித்துக் காட்டுகிற பிள்ளைக்கு ஒன்று சொல்கிறேன். ஐந்தாம் பகுதியில் அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று இருக்கிறது பார், அதைத் தாண்டிப் போய்விடாதே. நிறுத்தி, ஒவ்வொரு வரியாக, அவனுக்குப் புரிகிற பாஷையில் சொல். கன்னடத்தில் சொல்ல எனக்கு வராது. தமிழில் சொல்ல வாய் வரவில்லை.